ஏற்றத்தில் மனைவி முன்னால்



நம் வீடுகளில் கணவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிய வந்தால் என்ன நடக்கும்? குளிசை வரும். குறக்கன் மா வரும். "தினமும் நடக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். அவரும் நான்கு நாள் நடப்பார். ஐந்தாம் நாள் கடைக்குச் சாமான் வந்து இறங்கும், நடை அத்தோடு நின்றுவிடும். மனைவியோ அவருக்குத் தனியாகக் குறக்கன் பிட்டு அவித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் மிச்சம் வைத்த பாணையும் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன் டீயையும் தன் பங்காக எடுத்துக்கொள்வாள். அவளை நடக்கச் சொல்லி யாரும் துண்டு எழுதித் தருவதில்லை. அவளுக்கு வருத்தம் வந்த பிறகுதான் அவளும் ஞாபகத்துக்கு வருகிறாள்!

எங்கள் ஹட்டன் பக்கத்தில் பல முஸ்லிம் குடும்பங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. ஒரு நாள் முழுக்க நாம் ஏறி இறங்குவது அந்த ஒரு மாடிப்படிதான். சுற்றிலும் மலை, நடுவில் உட்கார்ந்தபடியே நாம்.

எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் வந்தது சுகத்துக்காக அல்ல, பெற்றோல் இல்லாததால். 2022ல் நாடு பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். எரிபொருள் வரிசை ஒரு நகரத்திலிருந்து அடுத்த நகரம் வரைக்கும் நீண்டு கிடந்த காலம். கோட் சூட் போட்டவர்களும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். சைக்கிள் விலை ஏறியதுதான் மிச்சம் என்றாலும், சைக்கிளில் போகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் அந்த ஆண்டோடு பாதி ஒழிந்தது. என் கணவர் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினார். சில மாதம் கழித்து எனக்கும் ஒன்று வந்தது. அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. சிறுமியாக வாப்பாவின் கடைச் சைக்கிளில் அரைப் பெடல் போட்டுப் பழகியது கைகொடுத்தது.

"மலைநாட்டில் சைக்கிளா, நெஞ்சு வெடித்துவிடாதா?" என்று கேட்காத ராத்தாமார் இல்லை. சகோதரிகளே, இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. முன் பல்சக்கரம் சிறியதாகவும் பின் பல்சக்கரம் பெரியதாகவும் இருக்கும்படி கியரை மாற்றிக்கொண்டால், கால் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும். நடையை விடக் கொஞ்சம்தான் வேகம். உடம்பின் பாரத்தை இருக்கை தாங்குவதால், படியேறும்போது வலிக்கிற முழங்கால் இதில் அவ்வளவு வலிப்பதில்லை. மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். அதுதான் அளவு. பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கடைக் கணக்கையும் பிள்ளைகளின் படிப்பையும் தவிர வேறு பேச்சே இல்லாமல் வருடக்கணக்கில் வாழ்ந்த எங்களுக்கு அந்த அளவு பெரிய உதவியாயிற்று.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. ஏற்றத்தில் நான் முன்னால், அவர் பின்னால். ஆண் முன்னால் போனால் அவர் தன் பலத்துக்கு மிதிப்பார், பின்னால் வருபவள் எட்டிப் பிடிக்கப் பார்த்துக் களைத்துப்போவாள். அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். மெதுவானவர் முன்னால் போனால் இருவரும் போய்ச் சேரலாம். இறக்கத்தில் மட்டும் அவர் முன்னால், குழியும் மணலும் பார்த்துக் கை காட்டுவதற்காக.

ஒரு தம்பதி இப்படிச் சேர்ந்து சைக்கிளில் புறப்படுவது புதுமை என்று நினைக்கிறீர்களா? நூற்றிருபது வருடங்களுக்கும் முன்பே அமெரிக்கத் தம்பதி ஒன்று நம் இலங்கை மண்ணில் சைக்கிள் ஓட்டியிருக்கிறது. கணவர் வில்லியம் ஹண்டர் வர்க்மன், ஒரு டாக்டர். 1889ல் உடல்நலம் கெட்டுத் தொழிலையே விட்டவர். மனைவி ஃபானி புல்லக் வர்க்மன், அவரை விடப் பன்னிரண்டு வயது இளையவர். 1895ல் ஸ்பெயின் நாட்டில் 2,800 மைல் மிதித்தார்கள், ஒரு நாளைக்குச் சராசரி 45 மைல். பிறகு 1897ல் கீழை நாடுகளுக்குப் புறப்பட்டார்கள். இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை வருடம்! இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை சுமார் 14,000 மைல் ஓடினார்கள். புறப்படும்போது அவருக்கு ஐம்பது, அம்மையாருக்கு முப்பத்தெட்டு. அந்தக் கால வழக்கப்படி நீண்ட பாவாடை அணிந்தே அம்மையார் அத்தனை தூரமும் ஓட்டினார். உடுப்பு ஒரு தடையென்று சொல்கிற நம் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கட்டிக்கொண்டு போன சாமான் கொஞ்சம்தான். தேயிலை, சீனி, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின் இறைச்சி, தண்ணீர், ஆளுக்கொரு போர்வை, மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான். சில நாட்களில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டினார்களாம்! எங்களுக்கு ஒரு நாளில் இரண்டு பஞ்சர் ஆனாலே வீட்டில் சமாதானம் குலைந்துவிடும்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. இமயத்தில் மலையேறத் தொடங்கினார்கள். 1906ல் ஃபானி அம்மையார் தம் நாற்பத்தேழாவது வயதில் 6,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஒரு சிகரத்தில் ஏறினார். அக்காலத்தில் வேறெந்தப் பெண்ணும் எட்டாத உயரம் அது. இவர்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. மலைப் பயணங்களில் ஒரு வருடம் கணவர் ஏற்பாடுகளைக் கவனிப்பார், மனைவி ஆராய்ச்சியைக் கவனிப்பார். அடுத்த வருடம் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். எந்த வேலையும் ஒருவர் தலையிலேயே நிரந்தரமாக விழவில்லை. உடல்நலம் கெட்டுத் தொழிலை விட்ட அந்த டாக்டர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 1937ல் மறைந்தார். அது சைக்கிளின் பயன் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆயுள் அல்லாஹ்வின் கையில். அம்மையார் 1925லேயே, நெடுநாள் நோயுற்றிருந்து, அறுபத்தாறு வயதில் போய்விட்டாரே!

ஆனால் எல்லாவற்றிலும் அவர்களைப் பின்பற்றச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய மகன் 1893ல் சின்ன வயதிலேயே இறந்துபோனான். மீதமிருந்த ஒரே மகளைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் ஊர் சுற்றினார்கள். பெற்ற மனம் இதை எப்படித் தாங்கியதோ! சுமை தூக்கிய ஏழைத் தொழிலாளர்களிடமும் அவர்கள் கருணையாக நடந்ததாகச் சொல்வதற்கில்லை.

நாங்கள் போவதெல்லாம் பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு இரண்டு நாள், மூன்று நாள். முதல் நீண்ட பயணம் ஹட்டனிலிருந்து நுவரெலியா, சுமார் 45 கிலோமீட்டர். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கொட்டகலை தாண்டி டெவோன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்தபடி தலவாக்கலைக்கு இறங்கியது ஒரு சுகம். அங்கிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். 600 மீட்டருக்கும் மேலான ஏற்றம். தலவாக்கலையில் உறவினர் வீட்டில் ஒரு இரவு தங்கி, மறுநாள் ஏறினோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். மார்ச் மாத வெயிலிலும் பல் கிட்டும் குளிர். பிறகு வேறொரு முறை ஹக்கல, வெலிமடை வழியாகப் பண்டாரவளை வரை போய், சாமான் லொறியில் சைக்கிளை ஏற்றித் திரும்பினோம்.

லிந்துலைக்கு மேலே ஒரு திருப்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையோடு பாதையோரம் நின்ற ஒரு தாய் என்னைப் பார்த்து, "பஸ்ஸு ஓடுதே, நீங்க எதுக்கும்மா இப்படிக் கஷ்டப்பட்டு ஏறுறீங்க?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், கேலி இல்லை. உடம்பைக் குறைக்க என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காலையில் லயத்திலிருந்து மலைக்கு ஏறி, பாரத்தோடு சரிவில் நின்று, கொழுந்து நிறுத்து, மாலையில் வீடு திரும்பி அடுப்பு மூட்டுகிறவர். அந்த நடை உடற்பயிற்சி அல்ல, கூலி. நமக்குச் சாப்பாடு கூடிப்போன வருத்தம், தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இரத்தம் போதாத வருத்தம். "இவருக்குச் சீனி வருத்தம், அதற்குத்தான்" என்றேன். "ஐயோ பாவம்" என்று என் கணவரைப் பார்த்துவிட்டு, தோளிலிருந்த துணியில் முடிந்து வைத்திருந்த கச்சானில் ஒரு கைப்பிடி கொடுத்தார். வாங்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு இருவரும் பேசவே இல்லை, ஏற்றமும் அப்படி.

பெண் சைக்கிள் ஓட்டலாமா என்று எங்கள் மாமியே முதலில் சங்கடப்பட்டார். மாமியிடம் நான் வாதம் செய்யவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததை நினைவூட்டினேன். முதல் முறை அன்னையார் வென்றார்கள். பிறகு உடல் பருத்திருந்த காலத்தில் மீண்டும் ஓடியபோது நாயகம் (ஸல்) வென்று, இது அதற்குப் பதில் என்று சிரித்தார்கள். மாமிக்குத் தெரிந்த ஹதீஸ்தான். "அது சரி, ஆனா சைக்கிள்ல விழுந்தா?" என்றார். அந்தக் கேள்வி நியாயம்தான்.

அதனால் சில விஷயங்கள். அபாயாவோடு ஓட்டக் கூடாது, சங்கிலியில் சிக்கினால் ஆபத்து. முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்ந்த சட்டை, தளர்ந்த காற்சட்டை, வலது கணுக்காலில் ஒரு பட்டி. ஹிஜாபைக் கழுத்தோடு ஊசி குத்திக்கொண்டு அதன்மேல் ஹெல்மட். ஒழுக்கமும் கெடவில்லை, உயிரும் பத்திரம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ரிம் சூடேறி டயர் வெடிக்கலாம், ஆகவே பிடித்துப் பிடித்து விட வேண்டும். இடையிடையே நின்று ஆறவிடுவது இன்னும் நல்லது. மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரை மழை. எங்களுக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதற்குப் பிறகு, கனமழை என்று சொன்னாலே நாங்கள் வண்டியை எடுப்பதில்லை.

சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மிதிக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். நன்மையே அதுதான். ஆனால் அளவு மீறிக் குறைந்தால் நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும். டாக்டரிடம் கேட்காமல் நீண்ட தூரம் புறப்படக் கூடாது. என் கணவரின் சட்டைப் பையில் எப்போதும் பேரீச்சம்பழமும் குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கும். மற்றபடி எங்கள் வழிச்சாப்பாடு ரொட்டி, கட்டைச் சம்பல், அவித்த கடலை, வாழைப்பழம், சீனியில்லாத இஞ்சிப் பிளேன் டீ. நாற்பது தாண்டிய சகோதரிகளுக்கு இன்னொரு சொல். சைக்கிள் இதயத்துக்கு நல்லது, எலும்புக்குப் போதாது. எலும்பு உறுதிப்பட உடம்பின் பாரம் காலில் இறங்க வேண்டும். ஆகவே நான் மற்ற நாட்களில் நடக்கிறேன்.

இப்போது கிளினிக்கில் அவருக்குக் குளிசை ஒன்று குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. எனக்கு இன்னும் வருத்தம் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீட்டு ராத்தா, கணவருக்குத் தெரியாமல் என் சைக்கிளில் ஏறிப் பார்த்துவிட்டு இருக்கை உயரம் என்று குறைப்பட்டார். இருக்கையில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் கொஞ்சமே மடிந்திருக்க வேண்டும், அதுதான் சரியான உயரம் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. நோன்பு வருவதற்கு முன் நோர்வூட் வழியாக மஸ்கெலியா வரை போவதாக இருக்கிறோம். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இருக்கையை இறக்கித் தந்தால்.