சுற்றி வந்த எண்

அளவு பிழையாயின் கணக்கு முழுவதும் பிழையாம் என்று ஆசிரியர்கள் வகுப்பறையிற் பலகாற் கூறக் கேட்டிருந்தும், அதன் பொருளை யாம் உணர்ந்தது கல்லூரியை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னரே. அவ்வனுபவத்தை மாணவ நண்பர்களுக்கு ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

எம்மிருவருள் ஒருவர் இராஜபாளையத்தார், மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரார். கணினியின் செயலி எவ்வளவு மின்னாற்றலை உண்கின்றது என அளந்து கூறும் மென்பொருள் நூலகம் ஒன்றை யாம் ஆண்டு வந்தோம். அஃது இன்டெல் செயலிகளை மட்டுமே அறியும். அந்நிறுவனம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட சாண்டி பிரிட்ஜ் முதலாகத் தன் செயலிகளுள் ஆற்றல் எண்ணி ஒன்றை அமைத்தது. செலவாகும் ஆற்றலைச் சிறு சிறு அலகுகளாக அது கூட்டிக்கொண்டே செல்லும். இரு வேளைகளிற் படித்துக் கழித்து, இடைப்பட்ட வினாடிகளால் வகுத்தால் வாட் கணக்குக் கிடைக்கும். ஏஎம்டி நிறுவனமும் 2017-இல் வந்த ஜென் செயலிகளில் இத்தகைய எண்ணியை வைத்தது. ஆயினும், அதனைப் படிக்கும் முகவரிகள் வேறு. இன்டெல் கருக்கள் அனைத்துக்கும் ஒரே கூட்டுத்தொகை தர, ஏஎம்டி ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே கணக்குத் தரும். இவற்றை நூலகத்துக்குக் கற்பித்தலே எம் வேலையாயிற்று.

அப்பொழுது இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் மேலாளர், தம் அலுவலகக் கணினிகளை மாற்றலாமா என எம்மை வினவினார். பழைய இன்டெல் கணினியையும் புதிய ஏஎம்டி கணினியையும் ஒரே வேலையில் ஈடுபடுத்தி, அரைமணிக்கு ஒருமுறை எண்ணியைப் படித்தோம். பழையது சராசரி 65 வாட். புதியது 29 வாட்! அறிக்கையை அன்றே அனுப்பிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கி உண்டு மகிழ்ந்தோம்.

எம்முள் ஒருவரின் தந்தையார் ரிங் பிரேமில் நெடுங்காலம் உழைத்தவர். ஷிப்டு முடிவில் ஹாங்க் மீட்டரைப் பார்த்து, இத்தனை ஹாங்க் நூல் ஓடிற்று எனக் குறித்தவர். 840 கெஜம் ஓர் ஹாங்க். எம் மகிழ்ச்சியைக் கேட்ட அவர், “ஏம்ப்பா, நடுவிலே மீட்டர் எத்தனை சுற்றுச் சுற்றியதென்று பார்த்தீர்களா? எங்கள் மீட்டரும் எண் முடிந்தால் சைபரிலிருந்துதான் தொடங்கும்” என்றார்.

யாம் வாயடைத்துப் போனோம். செயலியின் எண்ணி 32 பிட்டுகள் உடையது. நிறைந்ததும் சுழிக்குத் திரும்பும். எம் பழைய செயலியில் ஓர் அலகு ஏறத்தாழ 61 மைக்ரோஜூல்; எண்ணி நிறைய 2,62,144 ஜூல் வேண்டும்; 65 வாட்டில் அதற்கு 67 நிமிடமாகும். புதியதில் அலகு 15.3 மைக்ரோஜூலே, 65,536 ஜூலில், அதாவது ஏறத்தாழ 17 நிமிடத்தில், அது நிறைந்துவிடும். அரைமணியில் உண்மையாய்ச் செலவானது 1,17,000 ஜூல். ஒரு முழுச் சுற்று எம் கண்ணுக்குத் தப்பியது; எஞ்சிய 51,464 ஜூலையே யாம் கண்டோம். அதுவே அந்த 29 வாட்! அலகைச் செயலியிடமே சரியாகக் கேட்டறிந்த யாம், எத்தனை நாழிகைக்கு ஒருமுறை படிக்கவேண்டும் என்பதை மட்டும் பழைய வழக்கப்படியே விட்டிருந்தோம்.

மறுநாட் காலை, சுவரிற் பொருத்தும் மின்மானியோடு மில்லுக்குச் சென்றோம். இரு கணினிகளுக்கும் அது ஏறத்தாழ ஒரே அளவையே காட்டிற்று. மேலாளரிடம் தவற்றை ஒப்புக்கொண்டோம். கொள்முதல் ஆணை கையொப்பத்துக்காக அவர் மேசைமேற் கிடந்தது. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் அத்தாளை எடுத்து இழுப்பறையுள் வைத்தார். அம்மௌனம் எமக்குக் கடிந்துரையினுங் கடுமையாயிருந்தது.

இப்பொழுது எம் நூலகம் நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணியைப் படிக்கின்றது. புதிய செயலி எது வரினும், மின்மானியோடு ஒப்பிட்டுப் பாராமல் அதனை யாம் ஏற்பதில்லை.

மாணவ நண்பர்காள்! உள்ளம் விரும்பும் விடை கிடைத்த வேளையிலேதான் கணக்கை மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்கும்போது, பட்டம் பெறாத மில் தொழிலாளி ஒருவரின் வினாவையும் செவிமடுத்தல் நலம்.