இலண்டன் மாநகரில் பால்மரத்தைத் தேடி ஒரு நாள்

இலண்டன் மாநகருக்குச் செல்வோர் அரண்மனையையும் பெரிய மணிக்கூண்டையும் தேம்சு ஆற்றின் பாலங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புவது வழக்கம். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், அங்குப் பணியாற்றும் எங்கள் மகளைக் காணச் சென்றிருந்த நாங்களும் அவற்றையெல்லாம் கண்டோம். அவற்றின் சிறப்பைப் பள்ளி நூலகத்தில் உள்ள படங்களே மாணவர்களுக்குப் போதிய அளவு எடுத்துரைக்கும். ஒரு நாளை மட்டும் வேறொரு காரியத்திற்கென ஒதுக்கினோம். அந்நாளைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் குளுவாங் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். தோட்ட அலுவலகத்தின் முன்னிருந்த பெயர்ப்பலகையில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே 'இலண்டன்' என்று எழுதியிருக்கும். அது எந்த ஊர் என்று பெரியவர்களைக் கேட்டால், "விலை வருகிற ஊர்" என்பார்கள். ரப்பர் விலை ஏறிற்று, இறங்கிற்று என்னும் செய்தி அங்கிருந்துதான் வருமாம். அந்த விலை எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டது என்பதை ஒரு முறை நடந்து சென்று பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாளைய அவா.

காலையில் நிலத்தடித் தொடர்வண்டியின் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ஏறி, கியூ அரச தாவரவியல் தோட்டத்தை அடைந்தோம். வரைபடத்தில் இத்தடத்தைப் பச்சைக் கோடாகக் காட்டியிருப்பார்கள். நாங்கள் காண விரும்பிய இடங்கள் யாவும் அந்த ஒரே கோட்டின் ஓரமாக அமைந்திருந்தது எங்கள் நற்பேறே. ஜூன் மாதமாயினும் காற்று குளிர்ந்தது. கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பி 1848இல் முடிக்கப்பட்ட பனைமர மாளிகைக்குள் நுழைந்தோம். உள்ளே ஜொகூரின் மழைக்காலப் பிற்பகல்! வெப்ப நாட்டுச் செடிகள் பிழைக்கும்பொருட்டு வெம்மையும் ஈரமும் அங்கே செயற்கையாக ஊட்டப்படுகின்றன. வெள்ளையர்கள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, எங்களுக்கோ அப்போதுதான் உடல் இயல்பு நிலைக்கு வந்தது.

அங்கே, கொக்கோவும் செம்பனையும் வளர்ந்திருந்த அந்த மாளிகையில், எங்கள் பால்மரம் நின்றது. பெயர்ச்சீட்டைப் படிக்கும் முன்னரே இலையைக் கண்டு அறிந்துகொண்டோம். ஒரு காம்பில் மூன்று இலைகள். எங்களுள் ஒருவர் பள்ளி விடுமுறைகளில் தாயாருடன் மரம் வெட்டப் போனவர். அவர் கை தானாகவே மரத்தண்டின் பக்கம் நீண்டு, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் வெட்டுச் சரிவைக் காற்றில் வரைந்து காட்டிற்று. ஆனால் அம்மரத்தின் பட்டையில் ஒரு வெட்டுக்கூட இல்லை. மங்கு இல்லை, கம்பி இல்லை, ஒட்டுப்பாலும் இல்லை. வெட்டுப்படாத முதிர்ந்த பால்மரத்தை நாங்கள் வாழ்நாளில் அன்றுதான் அவ்வளவு அருகில் நின்று பார்த்தோம்.

மாணவச் செல்வங்களே, நம் நாட்டுப் பால்மரங்களின் வரலாறு இந்தத் தோட்டத்தின் வழியாகவே வருகிறது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டின் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலில் கொண்டுவந்து கியூவில் சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை 3,000க்கும் குறைவே. நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. அடுத்த ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன; அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வந்துவிட்டது, அதைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வழி எளிதில் புலப்படவில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ரிட்லி என்பவரே, மரத்தின் உயிரோட்டம் கெடாமல் பட்டையை மட்டும் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் முறையைக் கண்டார். தோட்ட முதலாளிகளிடம் இம்மரத்தை நடுங்கள், நடுங்கள் என்று அவர் ஓயாமல் வற்புறுத்தியதால் அவரைப் 'பித்தர் ரிட்லி' என்று எள்ளி நகைத்தனராம். நூறு வயது நிறைந்து, 1956இல் இதே கியூவில் அவர் காலமானார். நம் தாய்மார் விடியற்காலையில் நெற்றி விளக்குடன் செய்த வேலைக்கு இலக்கணம் வகுத்தவர் அவர். அந்த இலக்கணத்தைத் தவறில்லாமல் எழுதிய கைகள் எவருடையவை என்பதை எந்தப் பெயர்ச்சீட்டிலும் நாங்கள் காணவில்லை.

மீண்டும் பச்சைத் தடம். இடையில் குளோஸ்டர் ரோடு நிலையத்தில் இறங்கினோம். நிலையத்திற்கு எதிரே பெய்லிஸ் ஓட்டல் நிற்கிறது. நம் ஜொகூர் மாநிலத்தின் சுல்தான் அபு பக்கார் அவர்கள் 1895ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் இவ்விடத்தில்தான் மறைந்தார். அவரது நல்லுடல் கடல் கடந்து ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் காலத்தில் ஜொகூரின் பெரும் பயிர்கள் மிளகும் கம்பீருமே. பால்மரக் காடுகளை அவர் கண்டதில்லை. ஓட்டல் வாயிலில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த ஊழியரிடம் நாங்கள் ஜொகூர்க்காரர்கள் என்று கூறினோம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புன்னகைத்து வழி விட்டார்.

மானுமெண்ட் நிலையத்தில் இறங்கிய பின் முழுவதும் நடைதான். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் நினைவாக எழுப்பப்பட்ட 202 அடி உயரத் தூண் அங்கே நிற்கிறது. 311 படிகள் என்று எழுதியிருந்ததைப் படித்தவுடன் எங்கள் முழங்கால்கள் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டன. கீழிருந்தே வணங்கிவிட்டு நகர்ந்தோம். அருகில், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையான தூய டன்ஸ்டன் தேவாலயத்தின் இடிந்த சுவர்களுக்கிடையே பூங்கா ஒன்று அமைத்துள்ளார்கள். மகள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை அங்கிருந்த நீள இருக்கையில் அமர்ந்து உண்டோம்.

அதன் பிறகு மின்சிங் லேனுக்குள் நுழைந்தோம். உலகத் தேயிலை வாணிகத்திற்கும் ரப்பர் வாணிகத்திற்கும் பேர்போன தெரு இதுதானா என்று திகைத்தோம். மெதுவாக நடந்தாலும் மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் சிறு தெரு அது. எங்கள் தாய்மார் நாள்தோறும் நடந்து தீர்த்த நிரைகளுக்கு அதன் நீளம் ஈடாகாது. தெருவை ஒட்டி 1930களில் எழுந்த 'பிளாண்டேஷன் ஹவுஸ்' என்னும் பெருங்கட்டடத்தில் ரப்பர், தேயிலை வாணிகங்கள் நடந்தன. இலண்டன் தேயிலை ஏலம் 1998இல் நின்றது. அக்கட்டடமும் இடிக்கப்பட்டு, 2004இல் அவ்விடத்தில் கண்ணாடி மாளிகை எழுந்தது. பக்கத்துச் சந்துக்கு மட்டும் 'பிளாண்டேஷன் லேன்' என்னும் பெயர் இருக்கிறது. வாயிற்காவலரிடம் ரப்பரைப் பற்றி விசாரித்தோம். "இங்கெல்லாம் காப்புறுதி அலுவலகங்கள் ஐயா" என்று பணிவுடன் விடை கூறினார்.

1910ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1932இல் அதுவே 2 பென்சுக்கும் கீழே வீழ்ந்தது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்சு. எத்தனை பங்கு குறைந்தது என்பதை மாணவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இத்தெருவில் எண் மாறியபோது மலாயாவில் கூலி குறைந்தது. பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எங்களுள் ஒருவரின் பாட்டனார் 1931இல் மனைவி மக்களுடன் நாகப்பட்டினத்தில் இறக்கிவிடப்பட்டவர். விலை சற்றுத் தேறிய பின் 1934இல் மறுபடியும் கப்பலேறினார். போகும்போது மூன்று குழந்தைகள், வரும்போது இரண்டு என்று பாட்டியார் சொல்வார். மூன்றாவது குழந்தையின் பெயரை அவர் எங்களிடம் கூறியதே இல்லை. அத்தெருவின் நடைபாதையில் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். கையில் காப்பிக் குவளையுடன் விரைந்த இளைஞர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு சென்றனர்.

பின்பு கேனன் தெரு வழியே மேற்கு நோக்கி நடந்து, தூய பவுல் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தைக் கண்டோம். அதன் பக்கத்துச் சதுக்கத்தில்தான் 2004 முதல் இலண்டன் பங்குச் சந்தை இயங்கி வருகிறது. 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், சந்தை பழைய இடத்தில் இருந்தபோது, நம் நாட்டின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் நான்கு மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கி அதைத் தன்வயப்படுத்தியது. அன்று நாங்கள் இளம் ஆசிரியர்கள். 'தமிழ் நேச'னில் அச்செய்தியை உரக்கப் படித்தோம். பெருமிதமாகத்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலையிலும் பிரட்டுக்கு அதே மணிதான் அடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாலையில் அதே தடத்தில் கிழக்கே ஈஸ்ட் ஹாமுக்குச் சென்றோம். தெருவெங்கும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். முருங்கைக்காய், வாழையிலை, மல்லிகைச்சரம். சிற்றுண்டிக் கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். "ஐயா, அம்மா, எவடம் நீங்கள்?" என்று கேட்டார். மலேசியா, ஜொகூர் என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "எங்கட பாட்டாவின்ர தமையன் மலாயா ரயில்வேயில கிளாக்கரா இருந்தவர்" என்றார். அங்கே இன்னும் ரப்பர் இருக்கிறதா என்று வினவினார். நாங்கள் பிறந்த தோட்டங்களில் ஒன்று இன்று செம்பனைக் காடு, மற்றொன்றில் பாதி வீடமைப்புப் பகுதி என்று விளக்கினோம். கியூவில் எடுத்த படத்தைக் காட்டியபோது, மரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதில பால் எடுக்கிறேல்லையோ?" என்று கேட்டார். தோசைக்குக் காசு பெற்றுக்கொண்டார்; தேநீருக்கு வாங்க மறுத்துவிட்டார். மணி ஒன்பதாகியும் வெளியே வெயில் இருந்தது.