நடுவில் வரும் நீர்

“முதல்ல வர்றதை விட்டுருங்க அம்மிணி. நடுவுல வர்றதை மட்டும் டப்பாவுல புடிங்க. கடைசியும் வேண்டாம்.”

அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி. முதலுதவி அறை வாசலில் நின்ற ஒவ்வொரு பெண்ணிடமும் செவிலியர் இதையே சலிக்காமல் சொன்னார். ஒடிசாப் பெண்களுக்குச் சைகையும் கொஞ்சம் இந்தியும். கூச்சப்பட்டவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும், அப்புறம் முன்னாலிருந்து பின்னால் கழுவணும், மூடிக்கு உள்ளே விரல் படக்கூடாது.

முதலில் வரும் சிறுநீர் தோலிலும் நீர்த்தாரை வாயிலும் ஒட்டியிருக்கும் கிருமிகளை அடித்துக்கொண்டு வரும். அது டப்பாவில் விழுந்தால் உடம்பில் இல்லாத நோய் ரிப்போர்ட்டில் ஏறிவிடும்; வேண்டாத ஆன்டிபயாடிக் வயிற்றுக்குள் போகும். ஒரு மில்லியில் 1 லட்சம் பாக்டீரியா இருந்தால் தொற்று என்று கொள்ளலாம் என்பது 1950-களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் வகுத்த அளவு. ஆனால் பிடித்த டப்பாவை மேசையிலேயே விட்டுவைத்தால், திருப்பூர் வெயிலுக்குக் கிருமி தானே பெருகி அந்த எண்ணைத் தொட்டுவிடும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகவேண்டும். முடியாவிட்டால் ஐஸ் பெட்டி. பெயரையும் நேரத்தையும் மூடியில் எழுதாமல் டப்பாவின் மேலேயே எழுதினார். மூடிகள் கழன்று ஒன்றுக்கொன்று மாறிவிடும் என்றார்.

இந்தக் கைப்பக்குவத்தை ஒரு லைன் வீட்டிலும் பார்த்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் செவிலியருடன் போயிருந்தேன். பக்கவாதத்தில் படுத்திருந்தவர் முன்னாள் சாயப்பட்டறைத் தொழிலாளி. சிறுநீர்ப் பை கட்டில்மேல் அவர் தொடைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. செவிலியர் வந்ததும் முதலில் அதை எடுத்துக் கட்டில் சட்டத்தில், இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட்டார். மேலே இருந்தால் பைநீர் திரும்ப உள்ளே ஓடும். பரிசோதனைக்குப் பையிலிருந்து எடுக்கவில்லை. அதில் பல மணி நேரத்து நீர். குழாயைச் சற்று நேரம் கவ்வி வைத்து, மாதிரி எடுக்கும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, புது ஊசியில் புதுநீரை இழுத்தார்.

மலம் போய் ஐந்து நாளாகிறது என்று மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார். செவிலியர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்தார். பெருங்குடலின் கடைசி வளைவு அந்தப் பக்கம் என்பதால் எனிமா எளிதாக ஏறும். “காலைல சாப்பிட்ட கையோட பெட்பேன் வைங்கக்கா. அப்பத்தான் குடல் தானா அசையும்.”

அந்த அக்காவுக்குத்தான் அது வாய்ப்பதில்லை. சாப்பிட்ட கையோடு கம்பெனி வேன் வந்துவிடுகிறது.

பனியன் கம்பெனிப் பெண்களின் நீர்க்கடுப்பு அசுத்தத்தால் வருவது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வருகிறது. பெண்ணின் நீர்த்தாரை 4 செ.மீ. அளவுதான், கிருமி ஏறுவது எளிது. அதை அடித்து வெளியேற்றுவது அடிக்கடி போகும் சிறுநீர். ஓவர்லாக்கில் ஒன்றரை ஷிப்டு உட்காரும் டெய்லர் ஒருவரின் தண்ணீர் பாட்டில் மதியம் தாண்டியும் கழுத்துவரை நிறைந்திருந்தது. குடித்தால் போகணும், போனால் பீஸ் குறையும், லைன் நிற்கும். ஆலையில் இருக்கும் எந்நேரமும் தொழிலாளி போய்வரும்படி கழிப்பறை இருக்கவேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொன்னது. கட்டடம் இங்கே இருக்கிறது. எழுந்து போகத்தான் தயக்கம்.

அந்த டெய்லருக்கு ரிப்போர்ட்டில் ஈ.கோலி வந்திருந்தது. செவிலியர் மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார்: ‘தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். கேட்கும்போதெல்லாம் பாத்ரூம் அனுப்பவும்.’

டெய்லர் வாங்கிப் படித்தார். போகவில்லை.

“சீல் வெச்சுக் குடுங்க சிஸ்டர். அப்பத்தான் சூப்பர்வைசர் விடுவாரு.”

செவிலியர் மேசை டிராயரைத் திறந்து சீலைத் தேடினார்.