பெரம்பலூர் மக்காச்சோளக் கொல்லையில் ராத்திரி விருந்தாளி... நாலு பூச்சியில் வில்லன் எது?

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்களுக்கு, ரஞ்சன்குடி கோட்டைக்குத் திரும்பும் வழி வந்ததுமே பெரம்பலூர் மாவட்டம் வந்துவிட்டது புரிந்துவிடும். கார்த்திகை மாதத்தில் அந்தப் பக்கம் போனால் கரிசல் மண்ணில் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். நடுநடுவே பருத்தி, சின்ன வெங்காயம். தை பிறந்த பிறகு போனால் அதே மக்காச்சோளம் கிராமத்துச் சாலையில் மஞ்சள் பாய் விரித்தது போலக் காய்ந்துகொண்டிருக்கும், பைக்கை ஓரமாகத்தான் ஓட்ட வேண்டும். இங்கே விளைவதில் பெரும்பகுதி நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகப் போகிறது. நாம் சாப்பிடும் முட்டைக்கும் இந்த ஊர்க் கொல்லைக்கும் அப்படியொரு சொந்தம்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பயிருக்கு நடுவே குச்சியில் கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் புனல் ஒன்று தெரியும். அதன் கீழே நீளமான பாலித்தீன் பை. புதிதாகப் பார்ப்பவர்கள் திருஷ்டிக்குக் கட்டியது என்றுகூட நினைக்கலாம். அதுதான் இனக்கவர்ச்சிப் பொறி. மூடிக்கு அடியில் பெண் அந்துப்பூச்சியின் வாசனையைப் போலவே தயாரித்த ஒரு சின்ன ரப்பர் வில்லை இருக்கும். இருட்டியதும் ஆண் பூச்சிகள் மணமகளைத் தேடி வந்து புனல் வழியாகப் பைக்குள் விழும். ஏக்கருக்கு 5 பொறி வைத்து, காலையில் பையை அவிழ்த்து எண்ண வேண்டும்.

எண்ணுவது பெரிய விஷயமில்லை. விழுந்தது யார் என்பதில்தான் சிக்கல். பைக்குள் இருப்பதெல்லாம் பழுப்பு. எல்லாமே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. எல்லாமே செத்துக் கிடக்கும்.

இந்த அடையாளப் பரேடு 2018-ல் ஆரம்பித்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. இரண்டே வருடத்தில், 2018 மே மாதம், கர்நாடக மாநிலம் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருடம் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இதன் தாய்ப்பூச்சி காற்று சாதகமாக இருந்தால் ஒரே ராத்திரியில் 100 கிலோமீட்டர்கூடப் பறக்கும். செக்போஸ்ட்டா தடுக்கும்? அந்தப் பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் குருத்துக் குருத்தாகத் தின்று தீர்த்தது. மானாவாரி விவசாயிகள் பலருக்குப் போட்ட முதலே திரும்பவில்லை. அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் போனது விவகாரம்.

சேதம் அவ்வளவு பெரிதானதற்கு ஆள் அடையாளம் தெரியாததும் ஒரு காரணம். இந்த மண்ணுக்குப் புழு புதிதா என்ன? பருத்தியிலும் ஆமணக்கிலும் புரோடீனியா புழுவைப் பார்த்த கண்கள்தானே! ‘நம்ம ஊர்ப் புழுதானே, வழக்கமான மருந்தை அடிப்போம்’ என்று இருந்தால் முடிந்தது கதை. படைப்புழு வளர வளரக் குருத்துக்குள்ளே இறங்கி, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு மேலே எதை அடித்தாலும் உள்ளே போய்ச் சேராது. மருந்துக் கடை பில் மட்டும்தான் மிச்சம்.

சரி, பைக்குள் கிடப்பவர்களில் வில்லன் யார்?

ஒரு வெள்ளைத் தாளில் பூச்சிகளைக் கொட்டி, முன் இறகின் நுனியைப் பாருங்கள். அங்கே முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதா? இறகின் நடுப்பக்கம் வைக்கோல் நிறத்தில் சாய்ந்த முட்டை வடிவப் புள்ளியும் தெரிகிறதா? அதுதான் அமெரிக்கன் படைப்புழுவின் ஆண் பூச்சி. பெண்ணுக்கு இந்தத் திட்டு தெளிவாக இருக்காது, வெறும் சாம்பல் பழுப்புதான். நல்லவேளை, பொறிக்கு வருவது ஆண் மட்டுமே.

புரோடீனியா இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் அதன் முன் இறகில் கிரீம் நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, மீன் வலையை விரித்தது போல ஓடும். பின் இறகைப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது, இரண்டுக்கும் முத்து வெள்ளை. பச்சைக் காய்ப்புழுவின் பூச்சிக்குப் பின் இறகின் ஓரத்தில் அகலமாகக் கறுப்புப் பட்டை இருக்கும், சேலைக்கு பார்டர் வைத்தது மாதிரி. அதைப் பிரிப்பது சுலபம்.

நாலாவது ஆள்தான் ரொம்ப ஏமாற்றுகிறவர். வைக்கோல் நிற இறகு, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. இது வேறொரு படைப்புழு வகை, புல்லும் தானியப் பயிரும் தின்னும் கூட்டம். அமெரிக்கன் படைப்புழுவுக்காக வைத்த வாசனைக்கு இந்தக் கூட்டத்துப் பூச்சியும் வந்து விழுவது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பதிவாகியிருக்கிறது. கணக்கு குழம்புவது இங்கேதான். பத்து பூச்சி விழுந்தது என்று பதறி மருந்து வாங்க ஓடினால், அதில் ஏழு இவராக இருக்கலாம். ‘எப்பவும் விழுறதுதான்’ என்று அலட்சியமாக விட்டால், வெள்ளை முக்கோணத்தோடு நிஜ வில்லனே வந்திருக்கலாம். இரண்டு பக்கமும் நஷ்டம்.

செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தப்பில்லை. ஆனால் பைக்குள் ராத்திரி முழுக்கப் படபடத்த பூச்சியின் இறகுத் தூள் பாதி உதிர்ந்திருக்கும். வெள்ளை முக்கோணமும் அதோடு போய்விடும். அந்தப் படத்தைப் பார்த்து அடித்துச் சொல்கிறவர்களை ரொம்ப நம்ப வேண்டாம்!

அதைவிட நேராகக் கொல்லைக்குள் இறங்கிவிடலாம். இலையில் பச்சையம் சுரண்டிய வெள்ளைத் திட்டு, விரிந்த இலையில் வரிசையாக ஓட்டை, குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம்... இருந்தால் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். புழுவின் தலையில் வெள்ளைக் கோடுகள் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாக எழுதியது போல இருக்கும். வால் பக்கம், கடைசிக்கு முந்தின கட்டில் நாலு கறுப்புப் புள்ளிகள் சதுரமாக, கேரம் போர்டின் நாலு குழி மாதிரி. புரோடீனியாவுக்கு இந்தச் சதுரம் கிடையாது. பூச்சியில் வரும் சந்தேகம் புழுவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னொரு விஷயம், இவை ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் வளர்ந்த புழு ஒரு குருத்தில் ஒன்றுதான் இருக்கும். ‘ஒண்ணுதானே கெடக்கு’ என்று விட்டுவிடக் கூடாது.

அப்படியும் குழப்பமா? ஈரமில்லாத பூச்சி இரண்டை, இறகு தேயாமல் காலித் தீப்பெட்டியில் காகிதம் மடித்து வையுங்கள். வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காலையிலேயே கொண்டுபோய்க் காட்டிவிட்டால், மருந்து தேவையென்று சொன்னாலும் அன்று சாயங்காலமே குருத்தில் படும்படி அடித்துவிடலாம்.