பெரியப்பாவுக்கு ஸ்கேன்!

ஸ்கேன் என்றாலே நம் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனாவது மாசம்?" அதனால்தான், மணிக்கட்டை உடைத்துக்கொண்ட எழுபத்திரண்டு வயது பெரியப்பாவுக்குத் தியேட்டரில் ஸ்கேன் உண்டு என்று மயக்க டாக்டர் சொன்னதும் பெரியம்மா அரண்டுபோனாள். "ஒடைஞ்சது கைதானே டாக்டர்? வயித்துல வேற ஏதாச்சுமா?"

பயத்துக்குக் காரணம் வயிறு அல்ல, நெஞ்சு! நாற்பது வருஷ பீடி. முழு மயக்கம் கொடுத்தால் பிறகு மூச்சு சீராக எத்தனை நாளாகுமோ! அதனால், அக்குள் வழியாகக் கைக்குப் போகிற நரம்புகளை மட்டும் மரக்க வைப்பதாகத் திட்டம்.

புது வித்தை அல்ல இது. முன்பெல்லாம் உடம்பின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்து, உத்தேசமாகக் குத்துவார்கள். "ஐயோ, ஷாக் அடிக்குது!" என்று நோயாளி அலறினால், நரம்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்! அப்புறம், லேசான மின்சாரம் கொடுத்து விரல் துடிக்கிறதா என்று பார்க்கும் கருவி வந்தது. கழுத்தெலும்புக்கு மேலே குத்துகிற முறையில், ஊசி கொஞ்சம் வழி தவறினால் நுரையீரலில் ஓட்டை. 1994-ல் வியன்னா டாக்டர்கள் அந்த ஊசியையே ஸ்கேன் திரையில் பார்த்தபடி போட்டு, அதை எழுதியும் வைத்தார்கள்.

அதே 1994-ல்தான் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க நம் நாட்டில் சட்டம் வந்தது. கை நரம்பு பார்க்கிற மெஷினைக்கூட அதன்கீழ் பதிவு செய்தாக வேண்டும். ஒரே மெஷின், எதைத் தேடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

வெளியே வந்த பெரியப்பா கிரிக்கெட் வர்ணனையே கொடுத்தார். "டேய், கறுப்பா ஒரு வட்டம் துடிச்சுதுடா, ரத்தக் குழாயாம். பக்கத்துல தேன்கூட்டைக் கிள்ளி வெச்சாப்ல நரம்பு. ஊசி வெள்ளைக் கோடா போச்சு. மருந்து எறங்கினதும் நரம்பைச் சுத்திக் கறுப்பா தண்ணி கட்டிடுச்சு!"

ராத்திரி வரை அந்தக் கை அவருடையதாகவே இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல, தூளியில் போட்டுக் காவல் காத்தார். மரப்பு விடுகிறபோது வலி மொத்தமாக வந்து இறங்கும் என்பதால், அதற்கு முன்பே மாத்திரை.

மெஷின் இருந்தால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேன் கதிர் மெல்லிய தகடு போன்றது. ஊசி முனை கொஞ்சம் விலகினாலும் திரையில் காணாமல் போய்விடும். மருந்து ரத்தக் குழாய்க்குள் போனால் வலிப்பு வரலாம், இதயமே தடுமாறலாம். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்துப் பார்த்துப் பார்த்துச் செலுத்துகிறார்கள். திரை காட்டும், பார்க்கத் தெரிந்த கண்ணும் நடுங்காத கையும் டாக்டருடையதுதான்.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் எந்த ஊர், என்ன ராசி என்பது வரை விசாரிக்கிறோம். மயக்க டாக்டர் பெயரை யாராவது கேட்கிறோமா? கத்தி வைக்கிற நேரம் முழுக்க நம் மூச்சுக்குக் காவல் அவர்தான் ஸார். அடுத்த தடவை அவரிடம் ரெண்டு கேள்வி கேளுங்கள்: "முழு மயக்கம்தான் வேணுமா, அந்த இடம் மட்டும் மரத்தா போதுமா? ஊசியைப் பார்த்துக்கிட்டே போடுவீங்களா?"

கேட்பதற்கு ஃபீஸ் கிடையாது!