பஞ்சாமிர்தம் விளையும் மலையோரம் ஒரு நாள் நடை

தைப்பூசம் நெருங்கிவிட்டால் ஒட்டன்சத்திரம் இரவில் உறங்குவதில்லை. ஒருபுறம், காய்கறிச் சந்தையில் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் தக்காளியும் முருங்கையும் ஏறிக்கொண்டிருக்கும். மறுபுறம், பச்சையும் காவியும் உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் பழனியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். இங்கிருந்து பழனி சுமார் 30 கி.மீ. சிவகங்கை, மதுரைப் பக்கமிருந்து வருபவர்களுக்குப் பல நாள் நடையின் கடைசிக் கட்டம் இது. அறுவடை முடித்துக் களம் கூட்டிவிட்டு வந்த விவசாயக் குடும்பங்கள் இதில் நிறைய உண்டு.

வெயிலுக்கு முந்திக்கொள்ள அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். பாதை மேற்கே போவதால் சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும். வெளிச்சம் வந்ததும் இடது கைப் பக்கம் பழனி மலைத்தொடர் தெரியும். அடுத்து வரும் ஊர் விருப்பாச்சி. ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர். இந்த ஊரின் பெயர்தான் விருப்பாச்சி மலைவாழைக்கும்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தப் பழம். நீர்ச்சத்து குறைவு, தோல் சுருங்கினாலும் உள்ளே கெடாது. நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காயோடு ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசைவதால்தான் பஞ்சாமிர்தம் பல நாள் தாங்குகிறது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி வாழைக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

வாழை வளர்வது சாலையோரத்தில் அல்ல. மேலே, கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில். காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே, மர நிழலில், மழையை மட்டும் நம்பி நிற்கிறது. 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து பெரும்பகுதித் தோட்டங்களை அழித்தது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, நுனியில் கொத்தாகச் சேர்ந்துவிடும், குலை தள்ளாது. இது வைரஸ் நோய். பரப்புவது வாழை அசுவினி. வந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து இல்லை. அசுவினிக்கு மருந்தடித்துவிட்டு, மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். நோய்த் தோட்டத்துப் பக்கக்கன்றை நட்டால் நோயையும் சேர்த்தே நட்டதாகும். வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்துத்தான் மலை விவசாயிகள் இந்த ரகத்தை மீட்டு வருகிறார்கள்.

சத்திரப்பட்டியைத் தாண்டும்போது வெயில் ஏறிவிடும். செருப்பில்லாத கால்களில் கொப்புளம் கட்டும். வழியெங்கும் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், எலுமிச்சை சாதம் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களிலும் பலர் உள்ளூர் விவசாயிகள்தான். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. "சாமி, சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள்.

ஆனால் பந்தலைத் தாண்டிய சிறிது தூரத்தில் தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய தட்டும் சிதறிக் கிடக்கும். காற்றடித்தால் அவை சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் போய்ச் சேரும். சோற்று வாசனைக்கு மாடு தட்டோடு சேர்த்து விழுங்கும். அது வயிற்றில் செரிக்காமல் தங்கி அடைத்துக்கொண்டால் மாடு அசை போடாது. வயிறு உப்பிச் சாகவும் செய்யும். உழவில் புதைந்த தாள் மழைநீர் இறங்குவதைத் தடுக்கும். 2019 ஜனவரி 1 முதல் இத்தகைய பொருட்களுக்குத் தமிழகத்தில் தடை உண்டு. ஆனாலும் கூட்டம் போன பிறகு வயலில் இறங்கிப் பொறுக்குபவர் அந்த நிலத்துக்காரர்தான்.

ஆயக்குடியில் கொய்யாக் குவியல்கள் வரவேற்கும். களைத்த வாய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட ஒரு கொய்யா போதும். மறுபடி கால் எழும். பிறகு இடும்பன் மலை தெரியும், அதையடுத்துப் பழனி மலை. நடந்த அலுப்போடு இன்னும் 693 படி ஏற வேண்டும்.

வரும் தை மாதம் நடக்க இருக்கும் வாசகர்கள் ஒரு தட்டும் டம்ளரும் பையில் வைத்துக்கொள்ளலாம். எவர்சில்வர் கனம் என்றால் அலுமினியம் போதும். அன்னதானம் செய்பவர்கள் வாழை இலையிலோ மந்தாரை இலையிலோ பரிமாறினால், மிச்சம் எருக்குழிக்கு ஆகும். பந்தலுக்கு இரண்டு சாக்குப் பை கட்டி, கூட்டம் கலைந்ததும் பக்கத்து வயலை ஒருமுறை சுற்றி வந்தால் அந்த நிலத்துக்காரருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.