தோத்த காசும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. வழக்கமா நான் எழுதுறது ராஜபாளையத்துச் சாப்பாடு, பழைய சினிமா, அய்யனார் கோயில் ஆத்துல குளிச்ச கதைன்னு மொக்கையாத்தான் இருக்கும். இந்தத் தடவை கொஞ்சம் சீரியஸ். (ஆட்டோ அனுப்பிடாதீங்க மக்களே!) எங்க வீட்டுல நடந்த விஷயம். தங்கச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "பேரு மட்டும் போடாத அண்ணே. நாலு பேரு படிச்சா நல்லதுதான்"னு சொல்லிட்டா.

தங்கச்சி வீட்டுக்காரர், அதாவது எங்க மாப்ள, இங்கே ஒரு நூல் மில்லுல ஃபிட்டர். தண்ணி, சிகரெட் ஒண்ணும் கிடையாது. நைட் ஷிஃப்ட்ல மெஷின் ஓடுற வரைக்கும் அவருக்கு வேலை இல்லை, கையில போன் இருக்கு. 2024 ஐபிஎல் சமயத்துல கூட வேலை பாக்குற பையன் ஒரு ஆப் காட்டியிருக்கான். முதல்ல மேட்ச்சுக்கு நூறு, இருநூறு. அப்புறம் அதே ஆப்ல சிவப்பா பச்சையான்னு கட்டுற ஆட்டம். ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிசல்ட். ஒரு ராத்திரியில எத்தனை நிமிஷம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

2025 ஏப்ரல் கடைசியில நகைக்கடன் கெடு முடியுதுன்னு பேங்குல இருந்து லெட்டர் வந்தப்பத்தான் தங்கச்சிக்கே தெரிஞ்சுது. பதினோரு பவுன் பேங்குல இருக்கு. மொத்தமாப் போனது 4,37,000 ரூபாய்.

அதுல கடைசியாப் போன 28,500 தனிக்கதை. ஆப்ல அவர் கணக்குல 95,000 ஜெயிச்சதாக் காட்டியிருக்கு. எடுக்கப் போனா, '30 சதவீதம் வரி கட்டினாத்தான் ரிலீஸ் ஆகும்'னு மெசேஜ். ரெண்டு தவணையாக் கட்டியிருக்கார். கட்டின மறுநாள் அக்கவுண்ட் லாக். ஜெயிச்ச காசுக்கு வரின்னா அதுலயே பிடிச்சிட்டு மீதியைக் குடுப்பாங்க, முன்னாடி தனியாக் கட்டச் சொல்ல மாட்டாங்கன்னு அந்த நேரத்துல அவருக்குத் தோணலை.

ஒரு மாசம் வீட்டுல யாரும் யாரோடவும் பேசலை. ஜூன்ல ஒரு நாள் மாப்ள என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறார். முகத்துல ஒரு வெளிச்சம். "மச்சான், ஜெர்மனில தோத்த காசைக் கோர்ட்டுல கேஸ் போட்டுத் திருப்பி வாங்குறாங்களாம். பாருங்க"ன்னு ஒரு வீடியோவைக் காட்டினார். லைசென்ஸ் இல்லாத கம்பெனின்னா ஆடினவனுக்குத் திருப்பித் தரணுமாம். "நம்ம ஆப்பும் லைசென்ஸ் இல்லாததுதானே மச்சான்?"

கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு. எனக்குப் பதில் தெரியலை. சரின்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைப் பாக்கப் பஸ் ஏறினோம். வெளியூர் நண்பர்களுக்கு: எங்க மாவட்டத்துக்குத் தலைநகரம் விருதுநகர், ஆனா மாவட்டத் தலைமை நீதிமன்றம் இருக்குறது ஸ்ரீவில்லிபுத்தூர்ல. எங்க ஊர்ல இருந்து 12 கிலோமீட்டர்தான். கோபுரம் கண்ணுல பட்டதும் மாப்ள பஸ்ஸுக்குள்ளயே கும்பிட்டுக்கிட்டார்.

வக்கீல் முழுசாக் கேட்டார். நடுவுல ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மாப்ள முன்னாடி வெச்சார்.

"தம்பி, பிராதுல முதல்ல வாதி பேரு, விலாசம். அது நீங்க. அடுத்து பிரதிவாதி பேரு, விலாசம். சொல்லுங்க எழுதிக்கிறேன்."

மாப்ள போனைத் தடவினார். ஆப் பேரு இருக்கு, கம்பெனி பேரு இல்லை. ஊர் இல்லை. டெலிகிராம் குரூப்பைக் கலைச்சிட்டாங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ல பாத்தா 14 வேற வேற யூபிஐ கணக்கு. ஒண்ணு பாத்திரக்கடை பேர்ல, ஒண்ணு யாரோ ஒரு அம்மா பேர்ல. "இதெல்லாம் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட கணக்கு தம்பி"ன்னார் வக்கீல்.

"சரி, விலாசம் கிடைச்சிருச்சுன்னே வெச்சுக்குவோம். அடுத்த பாராவுல என்ன எழுத? சூதாடினேன், தோத்தேன், திருப்பித் தரணும்னா?"

அப்புறம் பொறுமையா விளக்கினார். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 30-ஆவது பிரிவு. பந்தயம் கட்டுற ஒப்பந்தம் செல்லாது. ஜெயிச்சேன் குடுன்னு கேஸ் போட முடியாது. அப்ப தோத்தவன்? செல்லாத ஒப்பந்தத்துல வாங்கினதைத் திருப்பிக் குடுக்கணும்னு 65-ஆவது பிரிவு இருக்கு. மாப்ள முகம் மலர்ந்துச்சு. "இருங்க தம்பி"ன்னார். இது சட்டவிரோதம்னு ரெண்டு பேருக்கும் ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா அந்தப் பிரிவு உதவாது. ஒரு சுரங்கக் குத்தகை வழக்குல, குடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவங்களுக்கு 1974-ல உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லிச்சாம். ரெண்டு பேரும் தப்புல கூட்டுன்னா, ஒருத்தருக்காகக் கோர்ட் வசூல் பண்ணித் தராது.

அதுக்கு மேல நம்ம மாநிலச் சட்டம். 2023 ஏப்ரல்ல கவர்னர் ஒப்புதல் வந்த இணையவழி சூதாட்டத் தடைச் சட்டம். அதே வருஷம் நவம்பர்ல உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் ரெண்டும் திறமை ஆட்டம், அதுக்கு இந்தத் தடை பொருந்தாதுன்னு சொல்லிச்சு. ஆனா அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுற ஆட்டத்துக்குத் தடை அப்படியே நின்னுச்சு. சிவப்பு பச்சையில என்ன திறமை இருக்கு? அந்தச் சட்டப்படி நடத்துறவனுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆடுறவனுக்கும் மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம், இல்லை ரெண்டும்.

"இதைத் தாக்கல் பண்ணினா அது பிராது இல்லை தம்பி. ஒப்புதல் வாக்குமூலம்."

பண வழக்குக்குக் கோர்ட் கட்டணமே 3 சதவீதம். 4,37,000-க்கு 13,110 ரூபாய். "இதையும் சேத்துத் தோக்கணுமா?"ன்னு கேட்டார். ஃபீஸ் வாங்கிட்டு ஒரு கேஸை இழுத்திருக்கலாம். அந்த மனுஷன் அப்படிச் செய்யலை. நல்லா இருக்கட்டும்.

ஒரே ஒரு வழி சொன்னார். "ஆடித் தோத்தது வேற, ஏமாத்தி வாங்கினது வேற. வரின்னு பொய் சொல்லி வாங்கின 28,500 மோசடி. அதுக்கு 1930-க்குப் போன் போட்டு, சைபர் கிரைம்ல புகார் குடுங்க. நடந்த அன்னிக்கே குடுத்திருந்தா முழுசா முடக்கியிருக்கலாம். ரெண்டு மாசம் விட்டுட்டீங்களே தம்பி."

திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல கால் கிலோ பால்கோவா வாங்கினேன், பாப்பாவுக்கு. எப்பவும் மாப்ளதான் வாங்குவார். அன்னிக்குத் தள்ளி நின்னுக்கிட்டு, "இதையும் என் கணக்குல எழுதிக்கங்க மச்சான்"ன்னார். எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி அந்த ஜெர்மன் கதையை உக்காந்து தேடிப் படிச்சேன். பொய் இல்லை. ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் நிறைய பேருக்குத் தீர்ப்பு ஆகியிருக்கு. அங்கே லைசென்ஸ் வாங்காத கம்பெனி போட்ட ஒப்பந்தம் செல்லாது, அதனால வாங்கினதைத் திருப்பிக் குடுன்னு பல கோர்ட் சொல்லியிருக்கு. நம்ம ஊர்லயும் 'செல்லாது'தான். ஆனா அதே வார்த்தை அங்கே கதவைத் திறக்குது, இங்கே சாத்துது.

சரி, தீர்ப்பு வாங்கினா காசு கைக்கு வந்துருமா? அந்தக் கம்பெனிகள் நிறைய மால்டா தீவுல லைசென்ஸ் வாங்கினது. மால்டா 2023-ல ஒரு சட்டம் போட்டுச்சு. எங்க லைசென்ஸ் வெச்சிருக்குற கம்பெனிக்கு எதிரா இந்த மாதிரி வெளிநாட்டுத் தீர்ப்பு வந்தா, எங்க கோர்ட் அதை நிறைவேத்தாதுன்னு. தீர்ப்பு பேப்பரை வெச்சுக்கிட்டு அலைய வேண்டியதுதான்.

இங்கிலாந்துல 1710-லயே ஒரு சட்டம் இருந்திருக்கு. ஒரே தடவையில பத்து பவுண்டோ அதுக்கு மேலயோ சூதாடித் தோத்தவன் மூணு மாசத்துக்குள்ள கேஸ் போட்டுத் திருப்பி வாங்கலாம். அவன் போடலைன்னா வேற யாரு வேணாலும் போட்டு மூணு மடங்கு வாங்கலாம்! அதோட வாரிசுச் சட்டத்தை வெச்சு அமெரிக்காவுல கென்டக்கி மாநில அரசு 2010-ல ஒரு பெரிய போக்கர் கம்பெனி மேல கேஸ் போட்டுச்சு. 2015-ல 87 கோடி டாலர்னு தீர்ப்பு. அப்பீல் மேல அப்பீல் போயி, 2021-ல 30 கோடி டாலருக்குச் சமரசம். காசு போனது அரசாங்கத்துக்கு. தோத்தவனுக்கு இல்லை.

இதை மறுநாள் சொன்னப்ப மாப்ள கேக்கவே இல்லை. அவர்கிட்ட வேற சேதி இருந்துச்சு. 'தோத்த பணத்தை மீட்டுத் தர்றோம்'னு எவனோ வாட்ஸ்அப்ல வந்திருக்கான். முன்பணம் 15,000. பக்கத்து வீட்டுல கைமாத்துக் கேட்டுக்கூட வெச்சிட்டார்.

தங்கச்சி அப்பத்தான் வாயைத் திறந்தா. சத்தம் போடலை.

"அண்ணே, போன காசு போச்சு. அதுக்கு நான் அழுது முடிச்சிட்டேன். ஆடுற வரைக்கும் 'அடுத்த ஆட்டத்துல வந்துரும்'னாரு. இப்ப 'கேஸ் போட்டா வந்துரும்', 'ஏஜென்ட் வாங்கிருவான், வந்துரும்'ங்கிறாரு. அந்த 'வந்துரும்'தான் அண்ணே என் நகையைக் கொண்டு போச்சு. அதை நிறுத்தச் சொல்லு."

மாப்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டார். எனக்கும் சுருக்குன்னுச்சு. நானும் ஜெர்மனி, மால்டான்னு ராத்திரி முழுக்கத் தேடினது அந்த 'வந்துரும்'லதானே?

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். 1930-க்குப் புகார் குடுத்தோம். அந்த 28,500-ல ஒரு கணக்குல மிச்சம் இருந்த 9,200 மட்டும் முடக்கி வெச்சிருக்காங்க. அதை விடுவிக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போட்டிருக்கு. வந்தா வரட்டும். 2025 ஆகஸ்ட்ல காசு வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தையே தடை பண்ணி பார்லிமென்ட்ல சட்டம் வந்தப்ப மாப்ள போன் பண்ணார். நடத்துறவனுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரைக்கும் அபராதம். ஆடினவனைத் தண்டிக்கலை. ஆனா தோத்த காசைத் திருப்பித் தர அதுலயும் ஒரு வரி இல்லை. சொன்னேன். "சரி மச்சான், சும்மாத்தான் கேட்டேன்"ன்னார். முன்னாடி மாதிரி குரல் ஏறலை. அதுவே எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது.

இப்ப சம்பளம் தங்கச்சி கணக்குக்கு வருது. மாப்ள கையில பட்டன் போன். பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கிட்டார். நகைக்கு வட்டி கட்டி மாத்தி வெச்சிருக்கோம். மாசம் கொஞ்சமாக் கட்டினா மூணு வருஷத்துல பதினோரு பவுனும் திரும்பிரும். கோர்ட்டுல இல்லை, மில்லுல இருந்து.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. வக்கீல் நண்பர்கள் தப்பு இருந்தா திருத்துங்க. மத்தவங்களுக்கு ரெண்டே விஷயம். ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே 1930. மீட்டுத் தர்றேன்னு முன்பணம் கேக்குறவன் அதே கடையோட பின்வாசல்.